பீட்சா அடுப்புக்கு எந்தக் கல்? மண், நாட்டுச் செங்கல், ஃபயர் செங்கல், கேஸ்டபிள்: ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் பீட்சா அடுப்பு கட்டப் போகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள். "கல்லுக்கா பஞ்சம்? அடியில ஒரு கிரானைட் பலகையைப் போட்டு மேல செங்கல்லை வளைச்சுடலாம்" என்பார். கூடவே, "புகை போக உச்சியில ஒரு பைப்பு" என்பார். இரண்டுமே தப்பு. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கட்டிப் பழகியது சமையல் அடுப்பு. தீ கீழே, பாத்திரம் மேலே என்ற கணக்கு அதற்குப் பொருந்தும். பீட்சா அடுப்பில் தீயும் பீட்சாவும் ஒரே தளத்தில், ஒரே கூரைக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தளம் அடியை வாட்டுகிறது, டோம் எனும் குவிகூரை மேலிருந்து சூட்டைத் திருப்பி அடிக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணிப் பீட்சாவுக்குத் தளம் 380 முதல் 430 டிகிரி, டோம் 485 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 60 முதல் 90 விநாடியில் வெந்து வெளியே வந்துவிடும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், தளம் 350 இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நல்ல பீட்சா கிடைக்கும்.

கட்டத் தொடங்குபவர்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது டோம் எதில் கட்டுவது என்பதில்தான். ஆனால் பீட்சாவின் தலையெழுத்தை எழுதுவது தளமும் தளத்துக்கு அடியில் இருப்பதும். ஆகவே காசையும் கவனத்தையும் முதலில் அங்கே வையுங்கள். டோமை, மாதத்தில் எத்தனை முறை பற்றவைப்பீர்கள் என்பதை வைத்துப் பிறகு முடிவு செய்யலாம்.

தளம்: கருங்கல் ஏன் கூடாது

கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி, கல் திடீரென்று உப்பும். பீட்சா வேகும் இடம் அந்தச் சூட்டைத் தொடாது. ஆனால் தணல் குவிந்திருக்கும் மூலை தொட்டுவிடும். ஒரே பலகையில் ஒரு பக்கம் 600, இன்னொரு பக்கம் 300 என்று இருந்தால் கல் பொறுக்காது. சில்லு சில்லாகப் பெயரும், சில நேரம் பட்டென்று தெறிக்கும். இது முதல் காரணம். இரண்டாவது, கிரானைட் வெடிக்காமல் தாக்குப்பிடித்தாலும் சூட்டைக் கடத்துவதில், உலைகளுக்கென்று செய்யும் ஃபயர் செங்கல்லை விட இரண்டு மடங்குக்கு மேல் வேகமானது. மேலே சீஸ் உருகுவதற்குள் அடி கருகிவிடும். பாலிஷ் போட்ட மீதத் துண்டு பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அதை உள்ளே போடாதீர்கள்.

கருங்கல்லுக்கு இந்த வேலையில் இடமே இல்லை என்று இல்லை. அடுப்பைத் தாங்கும் கால்களுக்கும், வாய்க்கு முன்னால் மாவு தட்டும் மேடைக்கும் அதைவிட நல்ல பொருள் கிடையாது. வேலிக்கு நடும் கல்தூண்களை வெட்டி நிறுத்தி, மேலே தடித்த கற்பலகை பரப்பினால் சென்ட்ரிங், கம்பி, ஜல்லி எதுவும் தேவைப்படாது. ஆனால் பலகைக்கும் சூட்டுக்கும் நடுவே, சூடு இறங்காமல் தடுக்கும் இன்சுலேஷன் இருந்தே தீர வேண்டும்.

தளத்துக்குச் சரியான கல் சாதாரண ஃபயர் செங்கல். 9 x 4½ x 3 இன்ச், ஒன்று ஏறக்குறைய 4 கிலோ. மேலே ஐஎஸ் 6 அல்லது ஐஎஸ் 8 என்று முத்திரை இருக்கும். முதலாவது மிதமான சூட்டுக்கு, இரண்டாவது அதிகச் சூட்டுக்கு. வீட்டு அடுப்புக்கு ஐஎஸ் 6 தாராளமாகப் போதும். "அதைவிட ஒசத்தி" என்று கடையில் 60, 70 சதவீத அலுமினா கல்லைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலையும் அதிகம், சூட்டையும் வேகமாகக் கடத்தும், அடி கருகும். வெள்ளையாக, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும் இன்சுலேஷன் செங்கல்லும் தளத்துக்கு ஆகாது. பீட்சாவை உள்ளே தள்ளும் துடுப்பு இரண்டு முறை உரசினால் பள்ளம் விழும், சூட்டையும் பிடித்து வைக்காது. அது தளத்துக்கு அடியில் போட வேண்டிய பொருள்.

தர்மபுரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பக்கத்து மாவட்டமான சேலம், உலைக் கல் செய்ய உதவும் மேக்னசைட் தாதுவுக்குப் பேர்போன ஊர். உலை பிரித்த பழைய கல் எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதில் மேக்னசைட் கல்லும் மேக்னசைட்-குரோம் கல்லும் கலந்திருக்கலாம். மேக்னசைட் சூட்டை வாரிக் கடத்தும், ஈரம் பட்டால் உப்பி உதிரும். குரோம் கல் உலையில் வெந்தபின் அதில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் உருவாகியிருக்கக்கூடும். அதன் மேல் சாப்பாடு வைக்கக் கூடாது. எந்த உலையில் இருந்து வந்தது என்று தெரியாத கல்லை வாங்கவே வேண்டாம்.

நாட்டுச் செங்கல்லைத் தளமாகப் போடலாமா? நேப்பிள்ஸில் தளத்துக்கு 'பிஸ்கோட்டோ' என்று மென்மையான, நுண்துளை நிறைந்த சுட்டமண் ஓட்டைத்தான் போடுகிறார்கள். சூட்டை மெதுவாகக் கொடுப்பதால் அதிகச் சூட்டிலும் அடி கருகாது. அந்தக் கணக்கில் நாட்டுச் செங்கல்லின் குணம் கெட்டதில்லை. பிரச்சினை மேற்பரப்பில் இருக்கிறது. ஒரு கல் போல் ஒரு கல் இருக்காது, செம்பொடி உதிரும், துடுப்பு இடிக்கும். காசு மிகவும் இடித்தால் டோமை நாட்டுச் செங்கல்லில் கட்டுங்கள், தளத்துக்கு மட்டும் 40 ஃபயர் செங்கல் வாங்கிவிடுங்கள்.

தளக் கற்களுக்கு இடையே கலவை வேண்டாம். சலித்த மணலும், சூடு தாங்கும் களிமண்ணான ஃபயர் கிளே பொடியும் சமபங்கு கலந்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் கற்களை நெருக்கமாகப் பதித்து ரசமட்டம் பாருங்கள். வாய்க்கு நேர்கோட்டில் அடுக்காமல் 45 டிகிரி சாய்த்து மீன்முள் பின்னலாகப் பதித்தால் துடுப்பின் நுனி எந்தக் கல்லின் விளிம்பிலும் நேராக முட்டாது. வாங்கி வந்த கற்களில் கனம் ஒத்துப்போகும் கற்களைத் தளத்துக்குப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை டோமுக்கு விடுங்கள்.

தளத்துக்கு அடியில்

முதல் பீட்சா அருமையாக வரும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் மேலே கருகி அடி வெள்ளையாகவே இருக்கும். இப்படி ஓர் அடுப்பைப் பார்த்தால் தளத்தைப் பெயர்த்துப் பார்க்க வேண்டியதில்லை, அடியில் நேராக கான்கிரீட் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். கான்கிரீட் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூடேறிச் சூடேறி அதன் சிமெண்டும் வலுவிழக்கும்.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது வெர்மிகுலைட் கான்கிரீட். மாடித்தோட்டத்துக்குப் போடும் அதே வெர்மிகுலைட்தான். ஒரு மூட்டை சிமெண்ட் என்பது சுமார் 35 லிட்டர். அதற்கு 6 பங்கு, அதாவது 210 லிட்டர் வெர்மிகுலைட் போட்டால் நாலரை அடிச் சதுரத்துக்கு 4 இன்ச் கனம் வரும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இடித்து இறுக்காமல் லேசாகத் தட்டி மட்டப்படுத்துங்கள், இறுக்கினால் காற்று போய்விடும், காற்றுதான் இன்சுலேஷன். இது தண்ணீரை ஏராளமாகப் பிடித்து வைத்திருக்கும், இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும்.

இரண்டாவது, கால்சியம் சிலிகேட் பலகை, 2 இன்ச். விலை அதிகம், ஆனால் ஒரே நாளில் வேலை முடியும், காயக் காத்திருக்க வேண்டாம். பாய்லர் இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது, இப்போது வீட்டுச் சுவர்களுக்கு வைக்கிற லேசான ஏஏசி பிளாக்கைப் படுக்க வைத்துப் பரப்புவது. சூட்டில் காலப்போக்கில் விரிசல் விடும், ஆனால் மேலே எடை அமர்ந்திருப்பதால் நகராது. மண் அடுப்புக்கும் நாட்டுச் செங்கல் அடுப்புக்கும் இதுவே போதும். ஃபயர் செங்கல்லில் காசு போட்டுவிட்டு அடியில் இதை வைத்து மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் வீண்.

அளவு, வாய், புகைபோக்கி

எதில் கட்டினாலும் இந்த எண்கள் மாறாது. குடும்பத்துக்கு உள்விட்டம் 36 இன்ச். ஒரு பக்கம் தணல், மறுபக்கம் 10 இன்ச் பீட்சா ஒன்று வசதியாக, நெருக்கினால் இரண்டு. அடிக்கடி இருபது பேருக்குச் சமைப்பவர்களுக்கு 42. டோமின் உயரம் விட்டத்தில் பாதி, 36-க்கு 18 இன்ச். வாயின் உயரம் டோம் உயரத்தில் 63 சதவீதம், அதாவது 11¼ இன்ச். இதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஒழுகும், தாழ்ந்தால் காற்று புகாமல் தீ மூச்சுத் திணறும். வாயின் அகலம் 18 இன்ச்.

புகைபோக்கி உச்சியில் இல்லை. டோமுக்கு வெளியே, வாய்க்கு முன்புற வளைவின் மேல் வரும். வாயின் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போகிறது, தீ டோமை நக்கிக்கொண்டு வளைந்து வந்து வாயின் மேல்பாதி வழியாகப் புகையாக வெளியேறுகிறது. உச்சியில் ஓட்டை போட்டால் இந்தச் சுழற்சி அறுந்து, சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். 36 இன்ச் அடுப்புக்கு 6 இன்ச் குழாய், 42-க்கு 8 இன்ச், உயரம் குறைந்தது 3 அடி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வீட்டில் கிடந்தாலும் அதை வெட்டவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.

மொட்டை மாடியில் கட்டலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். ஸ்லாப்பையும் சேர்த்தால் 36 இன்ச் ஃபயர் செங்கல் அடுப்பு 1,200 கிலோவைத் தாண்டும். ஐந்தடிச் சதுரத்தில் அது சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் ஏற்றாதீர்கள். மண்தரையே நல்லது.

மண் டோம்

மாதம் ஒருமுறை பற்றவைப்பவருக்கும், இந்த விளையாட்டு நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க நினைப்பவருக்கும் இதுதான். 30 இன்ச் உள்விட்டம், 4 இன்ச் கனம் என்றால் ஈர மண் சுமார் 250 கிலோ வேண்டும். ஏரிக் களியோ புற்றுமண்ணோ ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. எவ்வளவு மணல் என்பதை உருண்டைதான் சொல்லும்: கிரிக்கெட் பந்து அளவு பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்கள். சப்பையாகப் பரவினால் தண்ணீரோ களியோ அதிகம், பொலபொலவென்று உடைந்தால் மணல் அதிகம். ஈர மணலைக் குவித்து அரைக்கோளம் செய்து, ஈரச் செய்தித்தாள் ஒட்டி, அதன் மேல் மண்ணைப் பிசைந்து அடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து வாயை அறுத்து மணலை வாரி எடுக்கலாம். மேலே, களிக்கரைசலில் வைக்கோலைத் தோய்த்து 3 இன்ச் கனத்துக்கு இன்னொரு அடுக்கு. முதல் அடுக்கில் வைக்கோல் கூடாது, எரிந்துபோய்ப் பொந்து விழும்.

இதன் எதிரி மழை. புரட்டாசி, ஐப்பசியில் கூரை இல்லாமல் நின்றால் ஒரே வருடத்தில் கரைந்துவிடும். கூரை போட்டால் சில வருடம் தாங்கும், விரிசலை அவ்வப்போது மண் குழைத்து அடைத்துக்கொள்ளலாம். சூடேற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

நாட்டுச் செங்கல் டோம்

"நாட்டுச் செங்கல் வெடித்துவிடாதா?" சூளையிலேயே 900, 1,000 டிகிரியில் வெந்து வந்த கல் உங்கள் அடுப்பின் 500 டிகிரிக்குப் பயப்படாது. அது பயப்படுவது வேகத்துக்கு. அரை மணியில் ஜுவாலையை ஏற்றினால் முகம் தகடு தகடாக உரியும். மெதுவாக ஏற்றினால் பல வருடம் நிற்கும். ஃபயர் செங்கல் ஒன்றின் விலைக்கு நாட்டுச் செங்கல் நாலைந்து வாங்கலாம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று விழுந்தால் அரைவேக்காடு. ஐந்தாறு கல்லை எடை போட்டு 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை பாருங்கள்: 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தச் சூளையை விட்டுவிடுங்கள். ஊறிய கல்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். முகத்தில் சின்ன வெள்ளைப் புள்ளியும், அதைச் சுற்றிப் பெயர்ந்த பள்ளமும் தெரிந்தால் மண்ணில் சுக்கான் கல் கலந்திருக்கிறது. சூளையில் அது சுண்ணாம்பாகி, ஈரம் பட்டதும் உப்பி வெடிக்கிறது. டோமில் இருந்தால் அந்தச் சில்லு பீட்சாவின் மேல் விழும்.

ஃபிளை ஆஷ் கல், சாலிட் பிளாக் இரண்டும் பார்க்க லட்சணமாக, அளவு பிசகாமல் இருக்கும். இரண்டும் சிமெண்டால் பிடித்து நிற்பவை, அடுப்புக்குள் வேண்டாம். சிமெண்ட்-மணல் கலவையை மட்டும் வைத்து டோம் கட்டுவதும் அதே தப்புதான். சிமெண்ட் சூட்டில் தன் நீரை இழந்து சுண்ணாம்பாகி, அடுத்த மழைக்கால ஈரத்தில் பொடிந்து கொட்டும்.

ஃபயர் செங்கல் டோம்

வாரம் ஒருமுறையாவது பற்றவைப்பவர், பீட்சா முடிந்தபின் ரொட்டியும் சுட நினைப்பவர், ஒருமுறை கட்டினால் இருபது வருடம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பவர் இதற்கு வரட்டும். 36 இன்ச்சுக்கு மொத்தம் 150 கல்: டோமுக்கு 70, தளத்துக்கு 40, மீதி வாய் வளைவுக்கும் உடைசலுக்கும். 42 என்றால் 200.

டோமுக்கு அரைக்கல். 70 கல்லையும் இரண்டாக வெட்ட வேண்டும். கை கிரைண்டரில் வெட்டினால் பிளேடும் நுரையீரலும் தேயும். கிரானைட் பட்டறையில் தண்ணீர் ஊற்றி அறுக்கும் மெஷினில் கொடுத்தால் அரை நாளில் தூசி இல்லாமல் முடிந்துவிடும். இந்த மாவட்டத்தில் வீடு கட்டுபவருக்கு இருக்கும் வசதி அது, விட்டுவிடாதீர்கள்.

கலவைதான் இங்கே பலரும் சறுக்கும் இடம். ஃபயர் செங்கல் வாங்கும்போது கடைக்காரர் ஃபயர் கிளே மூட்டையையும் சேர்த்துத் தூக்கி வைத்து, "இதைத் தண்ணியில குழைச்சுக் கட்டுங்க" என்பார். உலைக்கு அது சரி. அங்கே ஆயிரம் டிகிரியைத் தாண்டும்போது அது சுட்டு ஒட்டிக்கொள்ளும். நம் அடுப்பு அந்தச் சூட்டைப் பார்க்கவே போவதில்லை. காய்ந்த சேறாகவே இருந்து இணைப்பில் இருந்து கொட்டும். ஒன்று, காற்றிலேயே இறுகும் ஏர் செட்டிங் மார்ட்டர் வாங்குங்கள். இல்லையென்றால் நீங்களே கலக்கலாம்: நைசாகச் சலித்த மணல் 3, சிமெண்ட் 1, பொடிச் சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1, எல்லாம் கொள்ளளவில். ஆரம்பத்தில் சிமெண்ட் பிடித்து நிறுத்தும். சூட்டில் அது விட்டுக்கொடுக்கும்போது சுண்ணாம்பும் களியும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். கல்லைச் சாய்த்துச் சீவாமல் அப்படியே வைத்தால் வெளிப்பக்க ஆப்பு இடைவெளிகளுக்கே சுமார் 50 லிட்டர் கலவை போகும்.

அடுக்குவதற்கு, தளத்தின் நடுப்புள்ளியில் ஒரு சுழலும் கம்பி வையுங்கள். கதவுக் கீல் ஒன்றைச் சுழலும்படி ஒரே திருகாணியில் பலகையில் பொருத்தி, அதில் கம்பியைப் பற்றவைத்து, நுனியில் கல்லின் முகம் உட்காரும் அளவுக்கு ஒரு எல் பட்டை. நடுப்புள்ளியில் இருந்து பட்டைக்கு 18 இன்ச். எந்தத் திசையில் சுற்றினாலும் எந்த உயரத்துக்குத் தூக்கினாலும் கல்லின் முகம் மையத்தையே பார்க்கும், டோம் பிசகாது. கல்லை ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்தபின் வையுங்கள். உலர்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டு ஒட்டாமல் நிற்கும். உள்முகத்தில் கல்லும் கல்லும் கிட்டத்தட்டத் தொட வேண்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிளவு எல்லாம் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே தடித்த இணைப்பு இருந்தால் அதுதான் முதலில் பெயர்ந்து விழும்.

36 இன்ச் டோமுக்கு 9 வரிசையும் ஓர் உச்சிக்கல்லும் வரும். முதல் நாலு வரிசை சாதுவாக உட்காரும். ஐந்தில் கல் வழுக்கத் தொடங்கும். கம்பியின் பட்டையில் கல்லைத் தாங்கவிட்டு, அது பிடிக்கும் வரை ஒரு நிமிடம் பொறுத்து, அடுத்ததற்கு நகருங்கள். ஏழாவது வரிசைக்கு மேல் சுற்று சின்னதாகிவிடும். அரைக்கல் அகலமாக நின்று முகங்கள் பல்லிளிக்கும். அதை இன்னும் பாதியாக அறுத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசையின் நேர் இணைப்புக்கு மேல் மேல் வரிசையின் இணைப்பு விழத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து அளவு மாற்றி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கோட்டிலேயே உச்சியில் இருந்து அடிவரை விரிசல் ஓடும். கடைசி வளையம் மூடிவிட்டால் கீழே எதுவும் இல்லாமலே நிற்கும், மூடும்வரை மட்டும்தான் அது விழும். வேகமாகக் கட்ட நினைப்பவர்கள் கடைசி மூன்று வரிசைக்கு உள்ளே பலகை வைத்து மணல் குவித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரிசைக்கு மேல் போகாமல் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

வெளியே சிராமிக் கம்பளி, 25 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. 7.3 மீட்டர் நீளமும் 61 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு ரோல், 36 இன்ச் டோமுக்கு இரண்டு சுற்றுக்குச் சரியாக வரும். வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், அந்த இழை அரிக்கும், மூச்சிலும் போகும். அதன் மேல் கோழிவலை, ஓர் இன்ச் வெர்மிகுலைட் பூச்சு, கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீர் சேர்க்க ஆசை இருந்தால் இந்த வெளிப்பூச்சில் சேருங்கள். உள்ளே சேர்த்தால் எரிந்து போவதுதான் மிச்சம்.

இன்சுலேஷன் ஒழுங்காக இருந்தால் பீட்சா சுட்ட மறுநாள் காலையில் கதவை எடுக்கும்போது உள்ளே 150, 200 டிகிரி இருக்கும். கேழ்வரகு பிஸ்கட்டோ ரொட்டியோ விறகே இல்லாமல் வெந்துவிடும். மற்ற மூன்றும் இதற்கு ஈடு கொடுக்காது.

கேஸ்டபிள்

சூடு தாங்கும் கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் குவியல் அச்சின் மேல் 2½ இன்ச் கனத்துக்கு 36 இன்ச் டோம் வார்க்க 200 கிலோவும் சேதாரத்துக்குக் கொஞ்சமும் வேண்டும். ரெடிமேடாக இரண்டு மூன்று துண்டுகளாகவும் விற்கிறார்கள். இணைத்து வைத்தால் ஒரே நாளில் டோம் தயார். கனம் குறைவு என்பதால் முக்கால் மணி, ஒரு மணியில் சூடேறும், விறகும் பாதிதான். வேலை முடிந்து வந்து ராத்திரி நாலு பீட்சா சுட வேண்டும் என்பவருக்கு ஃபயர் செங்கல்லைவிட இதுவே நல்லது. மறுநாள் ரொட்டி மட்டும் கேட்காதீர்கள்.

நீங்களே வார்ப்பதாக இருந்தால் தண்ணீர் விஷயத்தில் கைச்சரக்கு கூடாது. மூட்டையில் போட்டிருக்கும் அளவைத் தராசு வைத்து அளந்து ஊற்றுங்கள். சித்தாள் கண்ணளவில் ஒரு சொம்பு கூடுதலாக விட்டால் வலு அடிபட்டுவிடும். இருபது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம், விடியற்காலையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பழைய மூட்டையாக இருந்தால் ஈரம் ஏறி வீணாகியிருக்கும், தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

காய்ச்சி எடுப்பது

கட்டி முடித்து ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் விட்டாயிற்று. அன்றைக்கே விருந்தாளிகளைக் கூப்பிட்டு ஆளுயரத் தீ போட்டால் டோமின் வயிற்றில் இருக்கும் தண்ணீர் நீராவியாகி வெடித்து வழி தேடும். மண், செங்கல், கேஸ்டபிள் எதற்கும் இதில் விலக்கு இல்லை, கேஸ்டபிளுக்குத்தான் ஆபத்து அதிகம். முதல் நாள் கரித்தணல் மட்டும், 100 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம். அடுத்த நாள் 150, பிறகு 200, 260, 320. அதன் பிறகே ஜுவாலை டோமைத் தொடலாம். அகச்சிவப்பு வெப்பமானி 550 டிகிரி வரை காட்டுவதாக வாங்குங்கள். நகம் நுழையாத மயிரிழை விரிசல்கள் வரும், அதை நோண்ட வேண்டாம். மழைக்காலம் முடிந்து வெகுநாள் கழித்துப் பற்றவைக்கும்போதும் முதல் நாள் சின்னத் தீதான்.

கட்ட ஏற்ற காலம் தை, மாசி. பங்குனியில் காயும், மாம்பழ சீசனுக்கு அடுப்பு தயார்.

விறகில் மாமரம் இங்கே தாராளம், பழைய தோப்பு அழிக்கும்போது டன் கணக்கில் விழும். நன்றாக ஜுவாலை விடும், சீக்கிரம் தீரும். பீட்சா நேரத்தில் டோமை நக்கும் தீ வேண்டும் என்பதால் அது தோதானது. தணல் மெத்தைக்குச் சீமைக் கருவேலமோ புளியோ. எதுவானாலும் மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். அரளி விஷம், வண்டிப்பெயிண்ட் அடித்த கட்டையும் பிளைவுட்டும் அதே கணக்கில்தான்.

தீயைத் தளத்தின் நடுவில் மூட்டுங்கள். டோமின் உள்பக்கம் முதலில் கன்னங்கரேலென்று கறுக்கும். ஃபயர் செங்கல்லில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில், உச்சியில் இருந்து கரி எரிந்து கல்லின் நிறம் வெளுத்து வரும். வெளுப்பு அடிவரை இறங்கியதும் தணலை இடப்பக்கம் ஒதுக்கி, தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் பெருக்கிவிட்டு, ஒரு சிட்டிகை மைதாவைத் தளத்தில் வீசுங்கள். உடனே கருகினால் பத்து நிமிடம் பொறுங்கள். பத்து விநாடியில் பொன்னிறமாகச் சிவந்தால் பாலக்கோட்டுத் தக்காளி சாஸ் தடவியதை உள்ளே தள்ளலாம்.